புத்தாண்டு வாக்குத்தத்தம் யாருக்குச் சொன்னது? தீர்க்கதரிசிகளின் புத்தகங்களில் அன்றாட ஆறுதலைத் தேடும் முறை

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடியும்போது, சென்னையின் பல சபைகளில் புது வருஷத்தின் வாக்குத்தத்த வசனத்தை, அதாவது அந்த வருஷத்துக்குத் தேவன் தரும் வாக்குறுதியாக ஒரு வேத வசனத்தை, அறிவிப்பார்கள். சில இடங்களில் அட்டையாக அச்சடித்துத் தருவார்கள். சில இடங்களில் தட்டில் சுருட்டி வைத்த சீட்டுகளில் ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். விடிவதற்குள் அது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ஆகிவிடும். பொங்கலுக்குள் ஆட்டோவின் பின்புறத்தில் ஸ்டிக்கராக ஏறிவிடும். இது போதாதென்று மாதந்தோறும் முதல் தேதி வாக்குத்தத்த ஆராதனை வேறு. இவற்றில் அடிக்கடி வரும் வசனங்கள் ஏசாயா, எரேமியா, யோவேல், ஆகாய், சகரியா புத்தகங்களில் உள்ளவை.

குழப்பம் ஜூன், ஜூலையில் தொடங்கும். "கோணலானவைகளைச் செவ்வையாக்குவேன்" என்ற அட்டை பீரோ கதவில் அப்படியே இருக்கும், வேலை போயிருக்கும். அப்போது சிலர் தங்கள் விசுவாசம் போதவில்லை என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள். வேறு சிலர் இதெல்லாம் அந்தக் காலத்து யூதர்களுக்குச் சொன்னது, நமக்கு என்ன என்று வேதத்தை மூடிவிடுகிறார்கள். இரண்டு முடிவுக்கும் காரணம் ஒன்றுதான்: வசனம் யாருக்கு, எப்போது, எதையொட்டிச் சொல்லப்பட்டது என்று யாரும் பார்க்கவில்லை. அதைப் பார்த்தால் ஆறுதல் கரைந்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை. அட்டையில் இருப்பதைவிட அதிகாரத்தில் இருப்பது கெட்டியான ஆறுதல்.

அடிப்படை: யார் இந்தத் தீர்க்கதரிசிகள்?

தீர்க்கதரிசி என்றதும் எதிர்காலத்தைச் சொல்பவர் என்ற எண்ணம்தான் முதலில் வருகிறது. அது அவர்கள் வேலையில் ஒரு பகுதி. ராஜாவிடமும் ஆசாரியரிடமும் கடைத்தெரு வியாபாரியிடமும் போய், நீங்கள் தேவனோடு செய்த உடன்படிக்கையை மீறுகிறீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்வதுதான் பெரிய பகுதி. எச்சரிப்பு, தண்டனை, அதற்குப் பிறகு மீட்பு என்ற வரிசையில்தான் இந்தப் புத்தகங்கள் பெரும்பாலும் நகர்கின்றன. ஆறுதல் வசனங்கள் அந்த வரிசையின் கடைசியில், இடிபாடுகளின் நடுவே நிற்பவை.

ஏசாயா முதல் மல்கியா வரை, புலம்பலையும் சேர்த்து, 17 புத்தகங்கள், 250 அதிகாரங்கள். கத்தோலிக்கர் வேதாகமத்தில் பாரூக்கு என்ற புத்தகமும் இந்தக் கூட்டத்தில் உண்டு. அங்கே சில பெயர்களும் வேறு மாதிரி இருக்கும், ஆபகூக் அங்கே அபக்கூக்கு. புத்தகங்கள் வேதத்தில் கால வரிசையில் அடுக்கப்படவில்லை. ஆகவே மூன்று காலங்களை மனதில் வைத்துக்கொண்டால் போதும்:

1. அசீரியா மிரட்டிய காலம், கி.மு. 8-ஆம் நூற்றாண்டு. ஆமோஸ், ஓசியா, மீகா, ஏசாயா. கி.மு. 722-ல் இஸ்ரவேலின் வடக்கு ராஜ்யத்தின் தலைநகர் சமாரியா விழுந்தது. கி.மு. 701-ல் அசீரிய ராஜா சனகெரிப் தெற்கு ராஜ்யமான யூதாவின் மேல் படையெடுத்தான்.

2. பாபிலோன் காலம். நாகூம், செப்பனியா, ஆபகூக், எரேமியா, எசேக்கியேல். கி.மு. 597-ல் ராஜாவோடு சேர்த்து ஒரு கூட்டம் பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் செல்லப்பட்டது. கி.மு. 586-ல் எருசலேம் விழுந்து ஆலயம் எரிந்தது. சிறையிருப்பு என்று சபையில் சொல்வது இதைத்தான்.

3. பெர்சியா காலம். கி.மு. 539-ல் கோரேசு ராஜா பாபிலோனைப் பிடித்தான். அடுத்த ஆண்டே சிறைப்பட்டவர்கள் ஊர் திரும்ப அனுமதி கொடுத்தான். ஆகாயும் சகரியாவும் கி.மு. 520-ல் பேசியவர்கள், மல்கியா அதற்கும் பிறகு.

ஏசாயா 40 முதல் 55 வரை தேற்றப்படுகிறவர்கள் இரண்டாம் காலத்தின் கடைசியில், பாபிலோனில் நம்பிக்கை இழந்து உட்கார்ந்திருக்கும் மக்கள். "நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்", "இதோ, நான் புதிய காரியத்தைச் செய்கிறேன்" போன்ற, நம் காலண்டர்களில் தவறாமல் வரும் வசனங்கள் இந்த 16 அதிகாரங்களுக்குள்தான் இருக்கின்றன.

முன்னும் பின்னும் படித்தால் என்ன தெரிகிறது

பீரோ கதவில் ஒட்டிய ஏசாயா 45:2-யையே எடுத்துக்கொள்வோம். "நான் உனக்கு முன்னே போய், கோணலானவைகளைச் செவ்வையாக்குவேன்." இங்கே "உனக்கு" என்பது யார்? ஒரு வசனம் மேலே போனால் பதில் இருக்கிறது: கோரேசு. இஸ்ரவேலின் தேவனை அறியாத பெர்சியப் பேரரசன். அவனுக்கு முன்னால் வெண்கலக் கதவுகள் உடைவது எதற்காக என்று 4-ஆம் வசனமும் 13-ஆம் வசனமும் சொல்கின்றன: சிறைப்பட்டுக் கிடக்கும் யாக்கோபின் ஜனத்துக்காக. அதாவது இந்த அதிகாரத்தில் விசுவாசி கோரேசின் இடத்தில் இல்லை. கோரேசால் விடுதலை பெறும் கூட்டத்தில் இருக்கிறார். இப்படிப் படித்த பிறகு ஆறுதலின் உருவம் மாறுகிறது. என் பாதை இன்றே நேராகும் என்ற எதிர்பார்ப்பு போய், தேவனை அறியாத ஓர் அதிகாரியின் மேசையில்கூட அவருடைய கை இருக்கிறது என்ற நிச்சயம் வருகிறது. விசா அலுவலகத்திலும் ஹெச்.ஆர். அறையிலும் காத்திருப்பவருக்கு இரண்டாவதுதான் உதவும்.

ஆபகூக் 1:5 இன்னும் வேடிக்கை. "நான் உங்கள் நாட்களில் ஒரு கிரியையை நடப்பிப்பேன், விவரிக்கப்பட்டாலும் நீங்கள் அதை விசுவாசிக்கமாட்டீர்கள்" என்பது அட்டையில் பெரிய அற்புதம்போலத் தெரியும். ஆறாம் வசனத்தைப் படியுங்கள். அந்தக் கிரியை, கொடுமையும் வேகமுமான கல்தேயரின், அதாவது பாபிலோனியரின், படையெடுப்பு. அப்போஸ்தலர் 13:41-ல் பவுலும் இதை எச்சரிக்கையாகவே எடுத்தாளுகிறார். இதை ஆசீர்வாத வசனமாக அறிவிக்கும் சபை அடுத்த வசனத்தைப் படித்திருக்காது, அவ்வளவுதான்.

மீகா 7:8-ம் அப்படி: "நான் விழுந்தாலும் எழுந்திருப்பேன்." அடுத்த வரியிலேயே, நான் பாவஞ்செய்தேன், கர்த்தருடைய கோபத்தைச் சுமப்பேன் என்று தீர்க்கதரிசி சொல்கிறார். எதிராளியிடம் சவால் விடும் வசனமாக அதை ஸ்டேட்டஸில் போடுபவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள். யோவேல் 2:25, வெட்டுக்கிளி தின்ற வருஷங்களைத் திரும்பத் தருவேன் என்பது, வஸ்திரங்களையல்ல இருதயங்களைக் கிழித்துத் திரும்புங்கள் என்ற 13-ஆம் வசனத்தைத் தாண்டித்தான் வருகிறது.

எரேமியா 29:11, அதற்கு முந்தின பத்து வசனங்களோடு

அநேகமாக எல்லாருக்கும் மனப்பாடமான வசனம் இதுதான். தீமைக்கல்ல, சமாதானத்துக்கு ஏதுவான நினைவுகளைப் பற்றியது. இது ஒரு கடிதத்தின் நடுவில் வருகிறது. கி.மு. 597-ல் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பிய கடிதம்.

இதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷத்தில் பாபிலோனின் நுகம் முறியும், ஆலயத்தின் பாத்திரங்களும் ராஜாவும் திரும்பி வருவார்கள் என்று ஆலயத்திலே எல்லார் முன்பாகவும் சொல்கிறான். எரேமியாவின் கழுத்தில் அடையாளமாகக் கிடந்த மர நுகத்தையும் உடைத்துப் போடுகிறான். அந்த வருஷத்திலேயே அவன் செத்துப்போனான் என்று 28:17 சொல்கிறது. (இன்று ஸ்டிக்கர் அடித்தால் அனனியாவின் வாக்குத்தான் அதிகம் விற்கும்.)

எரேமியாவின் கடிதம் சொல்வதோ வேறு:

1. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள் (29:5).

2. கலியாணம் செய்து, பிள்ளைகளுக்கும் கலியாணம் செய்து வையுங்கள் (29:6). ஆக, பேரப்பிள்ளைகள் வரை அங்கேதான்.

3. உங்களைச் சிறைபிடித்த பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காக ஜெபம் பண்ணுங்கள் (29:7).

4. எழுபது வருஷம் நிறைவேறிய பிறகே திரும்புவீர்கள் (29:10).

இந்த நான்கும் முடிந்த பிறகே 11-ஆம் வசனம். எழுபதைப் பாபிலோன் ஆதிக்கத்தின் மொத்தக் காலமாகக் கி.மு. 605-லிருந்து எண்ணுவது வழக்கம். கடிதத்திலிருந்தே எண்ணினாலும் கோரேசின் அனுமதி வர ஏறத்தாழ அறுபது வருஷம். கடிதத்தை முப்பது வயதில் கேட்டவர் தொண்ணூறில் அதைப் பார்த்திருக்க வேண்டும். பெரும்பாலோர் பாபிலோனிலேயே புதைக்கப்பட்டிருப்பார்கள். அவர்களுக்கு இந்த வசனம் பொய்யா? தாங்கள் மறக்கப்படவில்லை, நடப்பது கைமீறிப் போன விபத்து இல்லை, பிள்ளைகளுக்கு ஒரு முடிவு வைத்திருக்கிறார் என்பது அவர்களுக்கும் அன்றே கிடைத்தது. தேதிதான் அவர்களுடையதாக இல்லை.

ஏழாம் வசனம் சென்னைக்கு நேரடியாகப் பேசும். நெல்லையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வந்து, வாடகை வீட்டில் இருபது வருஷமாக இருந்துகொண்டு, இது நம்ம ஊர் இல்லை என்ற மனதோடே வாழும் குடும்பங்கள் இங்கே ஏராளம். தெருவின் மழைநீர் வடிகாலைப் பற்றி வார்டு அலுவலகத்தில் மனு கொடுப்பதும் அந்த வசனத்துக்குள் வரும். 11-ஐ விரும்புகிறவர் 7-ஐயும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முற்றுகைக்குள் ஒரு கிரயப் பத்திரம்

எரேமியா 32 இன்னொரு முக்கியமான இடம். சிதேக்கியா ராஜாவின் பத்தாம் வருஷம். எருசலேமைப் பாபிலோன் சேனை முற்றுகையிட்டிருக்கிறது. எரேமியா காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அங்கே அவருடைய தகப்பனின் சகோதரன் மகன் வந்து, ஆனதோத்தில் உள்ள என் நிலத்தை வாங்கிக்கொள், மீட்கும் உரிமை உனக்குத்தான் என்கிறான். ஆனதோத் எருசலேமுக்கு வடகிழக்கே சில கிலோமீட்டரில் இருந்த ஊர். சென்னையில் மனை வாங்குபவர் முதலில் கேட்பது வில்லங்கச் சான்று. இந்த நிலத்தின் வில்லங்கம், அந்தப் பக்கமெல்லாம் எதிரியின் கையில் இருப்பதுதான்.

எரேமியா 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். சேக்கல் ஒன்று ஏறத்தாழ 11 கிராம். மொத்தம் 190 கிராமுக்குக் கொஞ்சம் கூடக்குறைய. பத்திரத்தில் கையெழுத்து, முத்திரை, சாட்சிகள். முத்திரை போட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டையும் தன் எழுத்தரான பாருக்கிடம் கொடுத்து, நெடுநாள் கெடாமல் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். காரணம் 15-ஆம் வசனத்தில்: இனி இந்தத் தேசத்தில் வீடும் நிலமும் திராட்சத்தோட்டமும் கொள்ளப்படும்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் கவனிக்க வேண்டியது. கையெழுத்துப் போட்ட மனிதரே குழம்பிப்போய், நகரம் கல்தேயரின் கையில் போகிறதே, நீர் நிலத்தை வாங்கு என்கிறீரே என்று ஜெபிக்கிறார். அந்த ஜெபத்துக்கு வந்த பதில்தான் அட்டைகளில் வரும் 32:27: "என்னாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்று உண்டோ?" அதற்கு அடுத்த வசனம் 28: இந்த நகரத்தைக் கல்தேயரின் கையில் ஒப்புக்கொடுக்கிறேன். இரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டவை. "என்னை நோக்கிக் கூப்பிடு" என்ற 33:3-ம் அதே காவல் முற்றத்தில் வந்தது. எரேமியா பின்னால் எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்டார். அந்த நிலத்தில் அவர் ஏர் ஓட்டியதாக வேதத்தில் எங்கும் இல்லை.

அப்படியானால் நமக்கு எது சொந்தம்?

ஒரு வாக்கு இன்னொருவருக்குச் சொல்லப்பட்டது என்பதாலேயே அது நமக்கில்லை என்று ஆகாது. யோசுவாவுக்குச் சொன்ன "உன்னைக் கைவிடுவதுமில்லை" என்பதை எபிரெயர் 13:5 எல்லா விசுவாசிகளுக்கும் எடுத்துக் கொடுக்கிறது. முன்பு எழுதப்பட்டவை பொறுமையினாலும் ஆறுதலினாலும் நம்பிக்கை உண்டாகும்படி நமக்கு எழுதப்பட்டன என்பது ரோமர் 15:4. தேவனுடைய வாக்குத்தத்தங்களெல்லாம் கிறிஸ்துவுக்குள் ஆம் என்றும் ஆமென் என்றும் இருக்கின்றன என்பது 2 கொரிந்தியர் 1:20. கிறிஸ்து வழியாக வருவதால் சில வாக்குகள் உருமாறி வருகின்றன. அதைப் பிரிக்க ஒரு எளிய முறை:

1. தேவனுடைய குணம். அவர் இரக்கமுள்ளவர், மறப்பதில்லை, கூடவே இருக்கிறார். அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

2. கட்டளை. நியாயம் செய், கூலியைப் பிடித்துவைக்காதே. இதையும் அப்படியே எடுக்கலாம், ஆனால் ஆசைப்படுவோர் குறைவு.

3. குறிப்பிட்ட ஆளுக்கு, குறிப்பிட்ட நாளுக்குச் சொன்ன சம்பவம். கோரேசின் வெற்றி, எருசலேமின் மதில். இதை நம் வேலை, வீடு, கலியாணத்தின்மேல் நேரடியாக ஒட்டக் கூடாது. தேவன் எப்படிப்பட்டவர் என்று இதில் தெரிவதை மட்டும் எடுக்கலாம்.

4. நிபந்தனை. எரேமியா 18:7-10 இதை வெளிப்படையாகச் சொல்கிறது: ஜனம் திரும்பினால் தண்டனை மாறும், வழி விலகினால் நன்மையும் மாறும். இன்னும் நாற்பது நாளில் நினிவே கவிழும் என்று யோனா சொன்னார். நினிவே மனந்திரும்பியது, கவிழவில்லை.

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. ஏசாயா 43:2, தண்ணீர்களைக் கடக்கும்போது உன்னோடு இருப்பேன் என்கிறது. சம்பவமாக எடுத்தால், விசுவாசியின் வீட்டில் தண்ணீர் ஏறியதும் வசனம் தோற்றுப்போகும். குணமாக எடுத்தால், மொட்டைமாடியில் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பவரும் அதைச் சொல்லி ஜெபிக்க முடியும். தண்ணீரே வராது என்று அந்த வசனம் சொல்லவில்லை.

தினமும் 25 நிமிஷம்: படிப்படியாக

1. ஒற்றை வசனம் வேண்டாம். 12 முதல் 20 வசனம் வரை ஒரு பகுதியாக எடுங்கள். செயலியில் ஒற்றை வசனம் மட்டும் வந்தால், மேலே பத்து, கீழே பத்து படியுங்கள்.

2. சத்தமாக இரண்டு முறை வாசியுங்கள். தீர்க்கதரிசனங்களில் பெரும்பகுதி கவிதை. கண்ணால் மட்டும் ஓட்டினால் யார் பேசுகிறார் என்பது பிடிபடாது. ஐந்து நிமிஷம்.

3. நோட்டில் நான்கு வரி: பேசுவது யார், கேட்பது யார், அன்று என்ன நெருக்கடி, என்ன நிபந்தனை. பதில் பெரும்பாலும் புத்தகத்தின் முதல் அதிகாரத்திலோ அந்த அதிகாரத்தின் முதல் வசனத்திலோ இருக்கும். பத்து நிமிஷம்.

4. மேலே சொன்ன குணம், கட்டளை, சம்பவம், நிபந்தனை என்ற நான்கில் உங்கள் கண்ணில் பட்ட வசனம் எது என்று ஓரத்தில் குறியுங்கள். ஐந்து நிமிஷம்.

5. உங்கள் சொந்த வார்த்தையில் ஒரே வாக்கியம் எழுதி, அதை ஜெபமாக்குங்கள். ஐந்து நிமிஷம். தாம்பரம்–கடற்கரை ரயிலில் அதே பகுதியை ஆடியோவில் மறுபடி கேட்கலாம். முதல் வாசிப்பை ரயிலில் வைத்துக்கொண்டால் மூன்றாம் படி நடக்காது.

வரிசைதான் பலரைக் கவிழ்ப்பது. ஏசாயா 1-ல் உற்சாகமாகத் தொடங்கி, 13 முதல் 23 வரை வரும் அந்நிய தேசங்களின்மேல் உள்ள தீர்ப்புகளில் மாட்டி, பிப்ரவரியில் நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பதில்: எஸ்றா 1–6, ஆகாய் 2 அதிகாரம், யோனா 4, ஆபகூக் 3, எரேமியா 26–33, புலம்பலில் 3-ஆம் அதிகாரம் மட்டும், கடைசியில் ஏசாயா 40–55. நாளுக்கு ஓர் அதிகாரம் என்றால் 40 நாள். நீளமான அதிகாரத்தில் மேற்படி 12–20 வசனப் பகுதியை மட்டும் ஆழமாகப் பாருங்கள். ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில் வைத்துக்கொண்டால் பொருந்திப்போகும்.

ஆகாயை முன்னால் வைப்பதற்குக் காரணம், அதில் தேதிகள் நாள் கணக்கோடு இருக்கின்றன. பெர்சிய ராஜா தரியுவின் இரண்டாம் வருஷம் ஆறாம் மாதம் முதல் தேதி, ஆலயத்தைக் கட்டுங்கள் என்ற செய்தி; அதே மாதம் 24-ஆம் தேதி ஜனங்கள் கட்ட வந்துவிட்டார்கள். ஏழாம் மாதம் 21-ஆம் தேதி, பழைய ஆலயத்தைப் பார்த்திருந்த பெரியவர்கள் புதியதைப் பார்த்து, இது ஒன்றுமில்லையே என்று சோர்ந்த சமயத்தில், பிந்தின ஆலயத்தின் மகிமை பெரிதாயிருக்கும் என்ற வாக்கு வருகிறது. அந்த வாக்கோடு சேர்ந்து வருவது "திடன்கொள், வேலையை நடத்து" என்பது. 38 வசனம்தான் மொத்தம்.

எங்கே தவறுகிறது

கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைக்கும் பழக்கம் ஒன்று. மத்தியக் கிழக்கில் சண்டை வந்தவுடன் பல தேசங்கள் இஸ்ரவேல்மேல் படையெடுப்பதைச் சொல்லும் எசேக்கியேல் 38-ஐ எடுத்து, நாடுகளின் பெயரைப் பொருத்தி வீடியோ போடுவது இன்னொன்று. அதைத் தினமும் பார்ப்பவருக்குப் பயம்தான் வரும், ஆறுதல் வராது.

மல்கியா 3:10, தசமபாகத்தை (பத்தில் ஒரு பங்கை) பண்டசாலைக்குக் கொண்டுவாருங்கள் என்பது, கொடுத்தால் வானத்தின் பலகணிகள் திறக்கும் என்று பணக் கணக்காகவே பேசப்படுகிறது. ஐந்து வசனம் மேலே, கூலிக்காரனின் கூலியைப் பறிக்கிறவர்களுக்கும் விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்களுக்கும் விரோதமாகச் சாட்சி சொல்வேன் என்று அதே தேவன் சொல்கிறார். உபாகமம் 14:28-29-ன்படி மூன்றாம் வருஷத் தசமபாகம் லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் சாப்பாடாகப் போக வேண்டியது. வீட்டு வேலை செய்யும் அம்மாவின் சம்பளத்தை இரண்டு மாதம் பாக்கி வைத்துவிட்டு மல்கியாவில் ஆசீர்வாதம் தேடுபவர், அந்த அதிகாரத்தில் தான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று முதலில் பார்க்க வேண்டும். தராசைத் திருத்தி ஏழைகளை ஏமாற்றுகிறவர்களைப் பற்றிய ஆமோஸ் 8-ம் அப்படித்தான். தீர்க்கதரிசிகளின் ஆறுதல் நொறுக்கப்பட்டவர்களுக்கு; நொறுக்குகிறவர்களுக்கு அவர்களிடம் வேறு செய்தி இருக்கிறது.

மற்றவருக்கு வசனம் அனுப்பும்போது

ஆஸ்பத்திரியில் இருப்பவருக்கோ துக்க வீட்டுக்கோ, உனக்கு விரோதமான எந்த ஆயுதமும் வாய்க்காது என்ற ஏசாயா 54:17-யையும் எரேமியா 29:11-யையும் அனுப்புவது வழக்கமாகிவிட்டது. ஐ.சி.யூ. வாசலில் இருப்பவர் அதைக் குணமாவதற்கான உத்தரவாதமாகப் படிப்பார். மறுநாள் நிலைமை மோசமானால், வசனத்தையும் அனுப்பினவரையும் சேர்த்தே விட்டுவிடுவார். அங்கே பொருந்துவது புலம்பல் 3:19-26. காலைதோறும் புதியவைகள் என்ற வரி, எட்டியும் கசப்பும் நிறைந்த புலம்பலுக்கு நடுவில், எரிந்த நகரத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லப்பட்டது. கடன், வேலையிழப்பு என்றால் ஆபகூக் 3:17-19: அத்திமரம் துளிர்விடாமல், தொழுவத்தில் மாடு இல்லாமல் போனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்பது. முதியோருக்கு ஏசாயா 46:3-4, நரைவயது வரைக்கும் தாங்குவேன் என்ற பகுதி. இது எந்த நிபந்தனையும் இல்லாமல் வருவது.

படமாக அனுப்பாமல், முழுப் பகுதியையும் தட்டச்சு செய்தோ குரல் பதிவாக வாசித்தோ அனுப்புங்கள். எட்டு வசனம் வாசிக்க இரண்டு நிமிஷம் ஆகாது. துக்க வீட்டில் முதல் வாரத்தில் பெரும்பாலானவர்களால் எழுத்தைப் படிக்க முடிவதில்லை. குரல் என்றால் கேட்பார்கள்.